கை சுட வேண்டும் என்று கேட்டேன்

இரண்டு வருடத்துக்கு முந்திய வைகாசி. முள்ளியவளைக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் அம்மாள் கோயில் பொங்கலில் கற்பூரச்சட்டி எடுத்தேன். பாதி வழியில் இடக்கையில் சட்டிக்கு அடியில் வைத்திருந்த வேப்பிலை நழுவி விழுந்துவிட்டது. எரிகிற சட்டி வெறும் கையில். சுடவே இல்லை. "அம்மாள் இவளில நிக்கிறா" என்று என் கணவரைப் பெற்ற மாமியே என் காலில் விழுந்தா. எனக்கும் பெருமைதான், பொய் சொல்லவில்லை.

மறுநாள் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். அதுவும் நோகவில்லை. அருள் என்றால் கொப்புளம் ஏன்? மாமியிடம் கேட்கப் பயம். கிழமைகள் போகச் சின்ன விரல் மடங்கத் தொடங்கியது. ஒருநாள் எட்டு மாத மகளைத் தூக்கும்போது பிடி நழுவியது. நல்ல காலம், பாயில் விழுந்தாள். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாமிப்படத்துக்கு முன்னால் அழுதேன். "அம்மாளே, இந்தப் பெருமை வேண்டாம். சுட்டாலும் பரவாயில்லை, என்ர கையைத் தா. பிள்ளையைத் தூக்க வேணும்."

இரண்டாம் நாள் மகளை நிறுக்கக் குடும்பநல மாது வந்தா. என் முழங்கைக்குக் கீழே இருந்த வெளிறிய படையைப் பார்த்தா. தேமல் என்று நான் மஞ்சள் பூசிக்கொண்டிருந்த இடம். கையில் பஞ்சை எடுத்தா.

"கண்ணை மூடும் பிள்ளை. தொடேக்க சொல்லும்."

காத்திருந்தேன். "எப்ப தொடப் போறியள்?"

"மூண்டு தரம் தொட்டிட்டன்."

தொழுநோய். ஆஸ்பத்திரியில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மகளை மடியிலிருந்து இறக்கிவிட்டேன். என்ன பாவம் செய்தேன் என்று கேட்டேன். டொக்டருக்குக் கோபம் வந்தது. "பாவமுமில்லை, சாபமுமில்லை. அது ஒரு கிருமி. மருந்தெடுக்காத ஆரோ ஒராளோட கனகாலம் நெருங்கிப் பழகினதில மூச்சால வந்திருக்கும். நரம்பைக் கெடுக்கும். ஒழுங்கா மருந்தெடுத்தால் சுகம். தொடங்கினாப் பிறகு ஆருக்கும் தொத்தாது, பிள்ளையைத் தூக்குங்கோ." மருந்து இலவசம். வீட்டில் எல்லாரையும் சோதித்தார்கள். மகளுக்கு ஒன்றுமில்லை.

பன்னிரண்டு மாதம் குளிசை மருந்து. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதற்கே பதறிப்போனேன், அது மருந்தின் நிறமாம். தோல் கறுத்தது. மாமி எனக்குத் தனிக் கோப்பை வைத்தா, ஒரு மாதம் கழித்து அவவே அதை மற்றவற்றோடு சேர்த்துவிட்டா. காலையில் எழுந்தவுடன் வேப்பிலை நுனியால் விரலைத் தடவிப் பார்ப்பேன். ஒன்றும் தெரியாது. திரும்பவும் தடவுவேன். போன உணர்ச்சி எல்லாருக்கும் திரும்பாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். நான் அம்மாளையும் விடவில்லை, குளிசையையும் விடவில்லை.

கடைசிக் குளிசை அட்டை முடிகிற நேரம், குசினியில் கஞ்சிப் பானையில் இடக்கை பட்டது. "ஐயோ, சுடுது!" மாமி ஓடிவந்து தண்ணீர் ஊற்றினா. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

சின்ன விரல் இன்னும் முழுதாக நிமிரவில்லை. அம்மாளை நம்புகிறவர்களே, நம்புங்கள். ஆனால் உணர்ச்சியில்லாத படை ஒன்று தோலில் இருந்தால் அன்றைக்கே கிளினிக்குக்குப் போங்கள். என்னிடம் அம்மாள் ஒரு துண்டுப் பஞ்சோடுதான் வந்தா.

இந்த வைகாசியும் கோயிலுக்குப் போனேன். சட்டி எடுக்கவில்லை. மகளை இடக்கையில் தூக்கிக்கொண்டு, சுடும் என்று தள்ளி நின்று கும்பிட்டேன்.