மாமனின் நிறம்

என் அலுமாரியில், இழுத்துத் திறக்கிற மேல் லாச்சியில் ஒரு சோடி வெள்ளைக் கையுறை கிடக்கிறது. மெல்லிய பருத்தி நூலில் பின்னியது, மணிக்கட்டோடு நின்றுவிடும். மருந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு அது என்னவென்று தெரியும். இறப்பர் கையுறைக்குள் கை வியர்த்துக் கடிக்காமலிருக்க உள்ளுக்குப் போடுவது. இந்தச் சோடி ஒருமுறைகூடப் போடப்படவில்லை. இங்கே கனடாவில் ரொக்ஸ்பரோ வீட்டுக்கு மாறியபோது எவ்வளவோ சாமான்களை எறிந்தோம், இதை மட்டும் எறிய எனக்குக் கை வரவில்லை. "இதை ஏன் கட்டிக்கொண்டு திரியிறீர்?" என்று கணவர் கேட்டார். இது ஒரு பெண்ணின் கைக்காக வாங்கியது, அந்தக் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்த நேரமெடுக்கும்.

அந்தப் பெண்ணை நாங்கள் மாமன் என்று அழைத்தோம். சிரிக்க வேண்டாம். அவர் கொங்கோ நாட்டின் கின்ஷாசாவிலிருந்து வந்தவர். அந்த ஊர்க்காரர்கள் மூத்த பெண்ணை 'அம்மா' என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள், அதையும் பிரெஞ்சில் சொல்வார்கள். நாங்கள் வேலை செய்த சென்ட் லோரன்ட் தொழிற்சாலையில் அவருடைய லொக்கர் கதவில் கூட்டாளிகள் அந்தச் சொல்லை எழுதி ஒட்டியிருந்தார்கள். அப்போதுதான் நாட்டிலிருந்து வந்திறங்கிய யாழ்ப்பாணத்துப் பெண்கள் நாங்கள். பிரெஞ்சு தெரியாது, எழுத்துக்கூட்டி வாசித்தோம். மாமன் என்று வந்தது. பிழை என்று தெரிந்த பிறகும் பெயர் ஒட்டிக்கொண்டது. "மாமன் இண்டைக்கு லீவோ?", "மாமன் புதுச் சட்டை போட்டிருக்கிறா" என்று நாங்கள் கதைப்பதைக் கேட்டு அவரே ஒருநாள் அர்த்தம் விசாரித்தார். சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "உங்கடை ஊரிலை மாமன்மார் நல்லவையோ?" என்றார். "சீதனம் பேசத் துவங்கும்வரைக்கும் நல்லவை" என்றேன். நாங்கள் இருவரும் பேசியது அரைகுறைப் பிரெஞ்சுதான். ஆனால் அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் என் தமிழிலேயே கிடக்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

அவருடைய முகமும் கழுத்தும் பழுத்த தோடம்பழத் தோல் போல மஞ்சளாக இருக்கும். கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் ஓடுவது தெரியும். தலையில் நேராக விழுகிற பொய்முடி. கைகளும் அதே மஞ்சள்தான், ஆனால் விரல்கள் மடிகிற மொளிகள் மட்டும் கன்னங்கரேல் என்று இருக்கும். அந்த இடத்துத் தோல் தடிப்பு, தோலை வெளுக்கவைக்கிற கிறீம் ஏறாது என்பார். அதனால் தொழிற்சாலையின் பருத்திக் கையுறையை அவர் வெளியிலும் போட்டார். மெட்ரோவில் போட்டார், ஆடி மாத வெயிலில் போட்டார், ஞாயிறு பூசையில் நன்மை அப்பம் வாங்கும்போதும் போட்டார். வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுபோய் வெளுத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவருவார். தெரியாதவர்கள் அதை ஒரு நாகரிகம் என்று நினைத்தார்கள்.

மருந்துப் போத்தல்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு நிற்கும்போது தன் கதையைத் துண்டு துண்டாகச் சொல்வார். அவருடைய அக்கா பிறவியிலேயே வெளிறிய பிள்ளை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அக்காவை மடியில் தூக்கி வைத்து 'முண்டெலே' என்று கொஞ்சுவார்களாம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் ஊரில் யாரையாவது முண்டை என்றால் சண்டைதான். பிறகுதான் விளங்கிற்று, அவர்கள் பாஷையில் அது வெள்ளைக்காரரைக் குறிக்கும் சொல். கறுத்த குழந்தையைக் கொஞ்சுவதற்கு அப்படி ஒரு சொல் இருந்ததா என்று கேட்டேன். "என்னைக் கொஞ்சினதா ஞாபகமில்லை, தங்கச்சி" என்றார். அக்காவுக்கு நல்ல இடத்தில் கலியாணம் முடிந்த வருடம் இவர் சந்தையில் முதல் கிறீம் வாங்கினார். தெருவில் போனால் இளைஞர்கள் "முகம் தோடம்பழச் சோடா, கால் கறுத்தச் சோடா" என்று கத்துவார்களாம். "சிரிக்கிறதும் அவங்கள்தான், பொம்பிளை பாக்கேக்கை வெள்ளைத் தோல் கேக்கிறதும் அவங்கள்தான். ஆண்ட வெள்ளைக்காரன் எப்பவோ போயிட்டான். ஆனா கடையிலை விக்கிற பொம்மையும் வெள்ளை, ரீவியிலை செய்தி வாசிக்கிறவளும் வெள்ளை மாதிரி, கோயில் மாதாவும் வெள்ளை. நான் ஆரைப் பாத்து என்னை வடிவெண்டு நினைக்கிறது?" என்றார். அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. விலைவாசியைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

நானும் என் கதையைச் சொன்னேன். நான் கறுப்பி. கனடா மாப்பிள்ளைக்கு அனுப்புவதற்கு யாழ்ப்பாணத்து ஸ்ரூடியோவில் எடுத்த என் படத்தை, என் தகப்பனார் கேட்காமலே, படக்காரர் வெளுப்பாக்கிக் கொடுத்தார். அந்தப் படத்தை நம்பி வந்தவர் விமான நிலையத்தில் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "படத்திலை நீர் இன்னும் கொஞ்சம் நிறமெல்லோ?" என்றார். பாவம், கெட்ட மனிதர் இல்லை. அடுத்த வாரமே தமிழ்க் கடையில் முகம் வெளுக்கும் கிறீம் ஒன்றும் வாங்கித் தந்தார். மாமன் அந்த 'நிறம்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். நிறமென்றால் பிரெஞ்சில் என்ன? கலர், என்றேன். எந்தக் கலர்? எங்கள் ஆட்கள் ஒரு பிள்ளையை நிறம் என்று சொன்னால் அது வெள்ளை என்றுதான் அர்த்தம், என்றேன். அவர் போத்தலை அடுக்குவதை நிறுத்தினார். "அப்ப கறுப்பு நிறமில்லையோ?" என்று கேட்டார். எனக்கு அதுவரை அப்படி யோசிக்கத் தோன்றியதில்லை. இருவரும் சிரித்தோம், ஆனால் அவர் எனக்கு முந்தியே சிரிப்பை நிறுத்திவிட்டார். அன்று வீட்டுக்குப் போய் அந்தக் கிறீமைக் குப்பையில் போட்டேன். மாமனையும் விடச் சொல்லலாம் என்ற துணிச்சல் எனக்கு அப்படித்தான் வந்தது.

இன்னொரு நாள் சாப்பாட்டு அறையில் எங்கள் பெண்களில் ஒருத்தி, அவர் பின்னால் நிற்பது தெரியாமல், "வெள்ளைக் காப்பிலி எங்கை?" என்று கேட்டாள். காப்பிலி என்பது ஆபிரிக்கர்களுக்கு நாங்கள் வைத்திருக்கிற கேவலமான சொல். கறுத்த தோலோடு இங்கே வந்து அடிவாங்கிய நாங்களே அதைக் கூச்சமில்லாமல் சொல்வோம். நான் அவளை வாய்க்கு வந்தபடி ஏசினேன். மாமன் என் தோளைத் தொட்டு, "விடும், தங்கச்சி. அந்த ரெண்டாவது சொல் எல்லாப் பாஷையிலையும் இருக்கு. முதல் சொல் எனக்கு விளங்கினது. தமிழ்க் கடைக்காரர் கிறீமைக் காட்டிச் சொல்லுற சொல்லெல்லோ?" என்றார். முகத்தில் சின்னதாக ஒரு சந்தோசம். அந்தச் சந்தோசத்தைப் பார்த்தபோது வந்த வேதனை, எங்கள் ஆள் சொன்ன சொல்லைக் கேட்டபோதுகூட எனக்கு வரவில்லை.

மாமன் அந்தக் கிறீமை விட முயலாமல் இல்லை. தோல் மெலிந்து, சின்னக் கீறலும் ஆறாமல் போகத் தொடங்கியபோது வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நானும் பின்னால் நின்று நச்சரித்தேன். நிறுத்தினார். தோல் திட்டுத்திட்டாகக் கறுத்தது. நெற்றி ஒரு நிறம், கன்னம் ஒரு நிறம், கண்ணைச் சுற்றிக் கரி பூசியதுபோல. இரவும் பகலும் அரிப்பு. பஸ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் எழும்பிப் போனார்கள் என்றார். ஒரு திங்கட்கிழமை பழைய தோடம்பழ முகத்தோடு வேலைக்கு வந்து நின்றார். நான் வாய் திறக்க முந்தியே அவர் சொன்னார்: "ஏலாது, தங்கச்சி. விட்டா நான் முந்தின மாதிரி வரமாட்டன், அதைவிடக் கேவலமாத்தான் வருவன். திரும்பிப் போகலாமெண்டா, அந்தக் கறுத்தப் பிள்ளை அங்கை இல்லை. நான்தான் அவளை அழிச்சுப்போட்டன்." அதற்குப் பிறகு அவரிடம் அந்தக் கதையை எடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவருக்கு ஒரே மகள். தகப்பனைப்போல நல்ல கறுப்பு. வளர்ந்து பிள்ளைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். என்னைத் 'தாந்தீன்' என்பாள், சித்தி மாதிரி ஒரு சொல். சொந்தக்காரர்கள் எவ்வளவோ சொல்லியும் மாமன் அந்தப் பிள்ளையின் மேல் ஒரு துளி கிறீம் படவிடவில்லை. தன் கிறீமை உயரத் தட்டில் வைத்துப் பூட்டினார். அதுதான் தான் செய்த ஒரே நல்ல காரியம் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். ஆனால் மகளுக்கு விளங்கியது வேறு. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று தாயும் மகளும் பெரிய சண்டை. "நீங்கள் ஒவ்வொரு நாளும் கண்ணாடிக்கு முன்னாலை நிண்டு உரஞ்சி உரஞ்சிக் கழுவினது என்ரை நிறத்தைத்தான். நான் அதைப் பாத்துக்கொண்டுதானே வளந்தனான்?" என்றாளாம். இதை எனக்குச் சொல்லும்போது மாமன் கையுறையைக் கழற்றி, திரும்பப் போட்டு, திரும்பக் கழற்றிக்கொண்டிருந்தார். "அவள் வடிவெண்டு அவளுக்குச் சொல்ல எனக்கு வாய் வருதில்லை. நான் சொன்னா அவள் நம்புவாளோ?" என்று கேட்டார். நம்பமாட்டாள் என்றுதான் எனக்கும் பட்டது.

போன வருடம் மாரிக் குளிரில் மாமனுக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை. அதிகம் பயப்பட வேண்டாத ஒன்று என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்தத் தோலில் தையல் நிற்கவில்லை. தைக்கத் தைக்கப் பிய்ந்தது, புண் ஆறவில்லை, கிருமி ஏறிவிட்டது. இத்தனை வருடக் கிறீம் தோலை மட்டுமல்ல, உடம்பு தன்னைத் தானே காக்கிற சக்தியையும் தின்றிருக்கிறது என்று வைத்தியர் மகளிடம் சொன்னார். கடைசியாக நான் போனபோது மாமனின் கைகள் போர்வைக்கு மேல் வெறுமையாகக் கிடந்தன. ஊசி குத்துவதற்காகக் கையுறையைக் கழற்றி வைத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கைகளைப் போர்வைக்குள் இழுக்கப் பார்த்தார், முடியவில்லை. "தங்கச்சி, பெட்டியிலை வைக்கேக்கை எனக்குக் கையுறை போட்டுவிடு. புதுசா வாங்கு. என்ரை சனம் முழுக்க வரும், அக்கா பிரான்சிலையிருந்து வருவா. அவையள் முகத்தைப் பாக்கட்டும். கையைப் பாக்க விடாதை" என்றார். ஓம் என்றேன். சத்தியம் பண்ணு என்றார். அவருடைய கறுத்த மொளிகளில் கை வைத்துச் சத்தியம் பண்ணினேன். இரண்டு நாளில் போய்விட்டார்.

பிரேதத்தைச் சோடித்து வைக்கிற மலர்ச்சாலையில் முகத்துக்கு நிறம் பூசுவதற்காகப் படம் ஒன்று கேட்டார்கள். மகள் வீடு முழுக்கக் கிண்டியிருக்கிறாள். கிறீம் பூசுவதற்கு முந்திய படம் ஒன்றுகூட மாமன் மிச்சம் வைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் கிழித்திருந்தார். கடைசியில் பொய்முடியோடு சிரிக்கிற ஒரு படத்தைத்தான் கொடுத்தாள். சனம் வருவதற்கு முன்பே நான் போய்விட்டேன். மாமன் வெள்ளைச் சட்டையில் கிடந்தார். முகம் அவர் ஆசைப்பட்டபடியே இருந்தது, ஒரு திட்டுமில்லை. நெஞ்சில் கோர்த்து வைத்த கைகளுக்கு மட்டும் ஒன்றும் பூசவில்லை. நான் கையுறையை வெளியே எடுத்தேன்.

மகள் என் கையைப் பிடித்தாள். "வேண்டாம், தாந்தீன்." அம்மா கேட்டவர், நான் வாக்குக் கொடுத்தனான் என்றேன். அவள் அழவில்லை. தன் கையைத் தாயின் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். விரல் மொளியும் மகளின் கையும் ஒரே கறுப்பு, ஒரு இழை வித்தியாசமில்லை. "பாருங்கோ. இதுதான் என்ரை அம்மாவின்ரை நிறம். இவ்வளவுதான் மிச்சம். இதையும் மூடப்போறியளோ?" என்றாள். அவள் சொன்ன பிரெஞ்சுச் சொல்லுக்கு என் மனதுக்குள் தமிழ் தானாக வந்தது. நிறம். கறுப்பைப் பார்த்து அந்தச் சொல் எனக்கு வந்தது அதுதான் முதல் தடவை. மாமன் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தது, கேட்க அவர் இல்லை. நான் கையுறையைக் கோட்டுப் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டேன்.

இப்போதும் துணி மடிக்கும்போது லாச்சி திறந்தால் அந்தச் சோடி கண்ணில் படும். போன மாதம் கர்க்லாண்டில் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளைக்குக் கலியாணப் பேச்சு, "பிள்ளை நிறமோ?" என்று மாப்பிள்ளையின் தாய் கேட்டார். "ஓம், நல்ல கறுப்பு நிறம்" என்றேன், என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். தமிழ்க் கடையில் அந்தக் கிறீம் பெட்டி அதே தட்டில் இருக்கிறது. மகள் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். திரும்ப அந்த இடத்தில் நின்றாலும் அவள் கையை உதறிவிட்டு அந்தக் கையுறையைப் போட என்னால் முடியாது. ஆனால் சவப்பெட்டிக்குள் கிடந்தது மகள் இல்லையே. என்னிடம் எதையும் கேட்காத ஒரு பெண் கேட்டது இந்த ஒன்றைத்தான். அன்று மலர்ச்சாலைக் கதவு திறந்ததும் சனம் வரிசையாக வந்தது. அக்கா முன்னுக்கு வந்தார். வந்தவர்கள் எல்லோரும் முகத்தை ஒருதரம் பார்த்தார்கள். பிறகு, கடைசி ஆள்வரைக்கும், குனிந்து கையைப் பார்த்தார்கள்.