‘ஓகே’வை அமுக்குவதற்கு முன்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது அடுத்தவர் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு, ‘யெஸ்’ஸா ‘நோ’வா என்று முழிக்கிற தொழில். விண்டோஸ் எக்ஸ்பி வந்த புதிதில் கன்னடத் தலைநகரின் விவேக் நகரில் ஒரு சின்னக் கடையில் சேர்ந்தேன். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு அப்பா வீட்டோடு இருந்தார்; என் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. எனக்கு முன் இருந்தவர் யாருடைய ஃபைல்களையோ மொத்தமாக அழித்துவிட்டு வேலையை இழந்தவர். அதனால் முதலாளி நாகராஜ் சார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "ஸ்டெல்லா, ஒரே ஒரு ஃபைல் போச்சுன்னாலும் நீயும் போகணும். ஆயித்தா? புரிஞ்சுதா?" ‘நிச்சயமாகவா?’ என்று கேட்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்து வியர்த்த அத்தனை பேருக்கும் என் வேதனை புரியும்.

ஏரோதைக் காணோம்

அல்போன்ஸ் மாஸ்டர் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம் போடுபவர். நண்பர் வீட்டில் வசனம் முழுவதையும் தமிழில் டைப் செய்து ஃப்ளாப்பியில் கொண்டுவந்தார். பிரிண்ட் எடுக்கத் திறந்தேன். ஏரோது மன்னன் பேச வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் ஆச்சரியக்குறியும் வரிசையாக நின்றன. "வைரஸ்! மூடும்மா, மூடு!" என்று அவர் கத்த, நான் மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். உள்ளே முதலாளி இருமுகிற சத்தம் வேறு.

கொஞ்சம் மூச்சு விட்ட பிறகுதான் உறைத்தது. அந்த நண்பர் வைத்திருந்த தமிழ் ஃபான்ட் எங்கள் மிஷினில் இல்லை. அப்போதைய தமிழ் ஃபான்ட் பலவும் ஆங்கில எழுத்துக்கு மாட்டிவிட்ட சட்டைதான். முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தேன். கடையின் பழைய சிடியில் அதே ஃபான்ட்டைத் தேடி ஏற்றி, மொத்தத்தையும் செலக்ட் செய்து மாற்றினேன். மாஸ்டர் ஸ்கிரீனைத் தொட்டுப் பார்த்தார். "பாவி, உள்ளயேதான் இருந்தானா? ஒரு நிமிஷத்துல எனக்கு உயிரே போச்சும்மா!"

அரபு போன்

ஜோகுபாளையத்து ஆட்டோக்காரர் முனிரத்தினத்துக்கு, வளைகுடாவில் இருந்த தம்பி ஒரு பழைய போனைக் கொடுத்தனுப்பியிருந்தான். உள்ளே எழுத்து, மணி காட்டும் எண் எல்லாம் அரபு. சவாரிக்காரர்கள் நம்பர் எல்லாம் அதில் ஏற்றிவிட்டார், ஆனால் வேறு எதையும் தொட பயம். எனக்கும்தான். பக்கத்து மெடிக்கல் ஷாப்காரரிடம் அதே மாடல் போன் இருந்தது. அதைக் கடன் வாங்கி இரண்டையும் மேஜைமேல் வைத்து, ஆங்கிலத்தில் படித்துக்கொண்டு அரபில் அமுக்கினேன். பட்டியலின் கடைசியில் இருந்தது எல்லாவற்றையும் அழித்துப் பழையபடி ஆக்குகிற வரி. அங்கே தவறி அமுக்கினால் ஏற்றிய நம்பரெல்லாம் என்ன ஆகும் என்று யோசித்ததும் விரலைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவரை வெளியே போய் டீ குடிக்கச் சொல்லிவிட்டுத்தான் மொழியை மாற்றினேன். திரும்பி வந்து போனைப் பார்த்தவர் சொன்னார்: "மணி எத்தனைன்னு எவனாச்சும் கேட்டா, இத்தினி நாளா சூரியனப் பாத்துத்தான் சிஸ்டர் சொல்லினு இருந்தேன்."

ஜோதிடரின் பழைய வீடு

ஜோதிடர் ஒருவர் எக்ஸ்பி மிஷின் வாங்கினார். அவருடைய பழைய ஜாதக சாஃப்ட்வேர் அதில் ஓட மறுத்தது. ரைட் கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸில் ‘விண்டோஸ் 98’ என்று டிக் போட்டால் ஓடிவிடும். கிரகமெல்லாம் இடம் மாறிவிடுமோ, அவர் வாயிலிருந்து சாபம் ஏதாவது விழுந்துவிடுமோ என்று மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே டிக் போட்டேன். ஓடியது. பழைய மிஷினிலேயே இருப்பதாக அதை நம்பவைத்திருக்கிறேன் என்று விளக்கினேன். அவர் குரலைத் தாழ்த்தினார்: "நம்பிட்டுப் போகட்டும், யாரும் அதுகிட்ட உண்மையைச் சொல்லிடாதீங்க."

நாகராஜ் சாரின் பாஸ்வேர்ட்

வாடிக்கையாளர்களின் பேக்கப் முழுவதும் முதலாளியின் மிஷினில்தான் இருந்தது. எஸ்.டி.டி. பூத்திலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியவர் அவர். தெருவில் நடக்கும் ராஜ்யோத்சவ மாநில விழா நோட்டீஸுக்காக அதில் கன்னட டைப்பிங் போட்டு, ராத்திரி தானே உட்கார்ந்து அடித்திருந்தார். காலையில் மிஷினைப் போட்டால் பாஸ்வேர்ட் தப்பு என்றது. மறுபடி அடித்தார். தப்பு. என் பக்கம் திரும்பினார். "நேத்து நீ என்ன பண்ணே?"

நான் அதைத் தொட்டதே இல்லை. அப்பாவின் முகம்தான் முன்னால் வந்தது. இதற்குள் முதலாளி எக்ஸ்பி சிடியைக் கையில் எடுத்துவிட்டார். "ஃபார்மேட் பண்ணிடலாம். வேற வழி இல்ல." ஃபார்மேட் செய்தால் பேக்கப் மொத்தமும் அழிந்துவிடும்.

"பேடா சார், பேடா!" என்று அலறினேன். ‘வேண்டாம்’ என்று தமிழில் வரவேண்டியது பயத்தில் கன்னடமாக வந்தது. எனக்கே தூக்கிவாரிப்போட்டது. அப்போதுதான் ஸ்கிரீனில் ‘கே.என்.’ என்ற இரண்டு குட்டி எழுத்துகள் கண்ணில் பட்டன. என் நாக்கைப் போலவே கீபோர்டும் கன்னடத்துக்கு மாறியிருந்தது. பாஸ்வேர்ட் வெறும் புள்ளியாகத் தெரிவதால், அவர் கன்னடத்தில் அடித்துக்கொண்டிருந்தது யாருக்கும் தெரியவில்லை. இடது ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அமுக்கினேன். ‘இ.என்.’ வந்தது. "இப்ப அடிங்க சார்." அடித்தார். திறந்தது. எல்லா ஃபைலும் இருந்தன.

அவர் சிடியை மேஜை டிராயரில் போட்டு மூடினார். பிறகு சொன்னார்: "உனக்குச் சொன்ன ரூல் எனக்கும்னா, இன்னிக்கு நான்தாம்மா வீட்டுக்குப் போயிருக்கணும்."

அந்த மாதம் என் வேலை நிரந்தரமானது. பயம் அதற்கு முன்பே நிரந்தரமாகியிருந்தது.