மணிக்கூட்டுக்குள் ஒளிந்திருந்த பெயர்

பாட்டுத் தேடுகிற உத்தியோகத்தில் பாதி நேரம் பாட்டே கேட்க முடியாது. தூசு தட்டவும் தும்மவுமே நேரம் சரி. மொன்றியலில் ஓர் ஒலிக் காப்பகத்தில், பழைய இசைத்தட்டுகளில் பாடியது யார், எவ்விடத்தார் என்று கண்டுபிடித்து எழுதுவது என் வேலை. "இன்னொரு தட்டு உள்ளே வந்தால் நான் வெளியே" என்று வீட்டில் ஏச்சு வாங்குகிற என் இனத்தவரே, இது உங்களுக்குத்தான்.

மொழி: தமிழ்?

கூட வேலை செய்கிற லூக் ஒருநாள் ஓடிவந்தான். வயதான ஓர் அம்மா கொண்டுவந்த தட்டில், விளங்காத மொழியில் ஒரு கூட்டம் தொண்டை கிழியப் பாடுகிறதாம். படிவத்தில் 'மொழி: தமிழ்?' என்று எழுதியும்விட்டான்.

கேட்டேன். 'ஃபா, ஸோ, லா' என்று நாலு குரல் முட்டி மோதுகிறது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. மட்டக்களப்பில் சங்கீத வகுப்பில் நான் கீதம் படித்ததும் இப்படித்தான்: முதலில் சுரம், பிறகு சாகித்தியம். அமெரிக்காவின் தெற்குப் பக்கத்துத் தேவாலயச் சனம் இது. அவர்களுடைய புத்தகத்தில் முக்கோணம், வட்டம், சதுரம் என்று சுரத்துக்கு ஒரு வடிவம். வடிவத்துக்குரிய சுரத்தைப் பாடி முடித்துத்தான் சொல்லுக்கு வருவார்கள். கொஞ்ச நேரத்தில் ஆங்கில ஞானப்பாட்டு தொடங்கியது. லூக் விட்டால்தானே!

"உனக்கு உடனே விளங்கினதே, அப்ப அது தமிழ்தான்!"

பிள்ளைகள் நம்பாத கதை

தட்டைக் கொண்டுவந்த டோரத்தி அம்மா மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் தனியே இருக்கிறார். தொண்ணூறு கிட்ட. கையால் தாளம் போட்டு அந்தப் பாட்டை நடத்துவது தன் அப்பா அமோஸ் என்கிறார். லேபிளிலோ 'நகரப் பாடகர் குழு' என்றுதான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஒரே பதிவை மலிவுத் தட்டாகவும் அடித்து, வாய்க்கு வந்த பெயரை ஒட்டிவிடுவார்கள்.

லேபிளுக்குப் பக்கத்தில் கீறியிருந்த இலக்கத்தை எழுதிக்கொண்டேன். பெயர் மாறினாலும் அந்த இலக்கம் மாறாது. அதே இலக்கத்தோடு, சரியான பெயர் போட்டு முதலில் வெளிவந்த தட்டு அகப்பட்டால் உண்மை தெரியும். அம்மா வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கெதியாப் பாருங்கோ, எனக்கு வயசு போட்டுது. நான் புளுகிறன் எண்டு பிள்ளைகள் சிரிக்குதுகள்."

புரோசார்ட் மணிக்கூடு

ஒன்றரை வருடம் தேடினேன், ஒன்றுமில்லை. பிறகு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில், தெரிந்தவரான யோகன் அண்ணை வீட்டுப் பிறந்தநாள். சுவரில், பழைய இசைத்தட்டில் செய்த மணிக்கூடு; லேபிளை மறைத்து நடுவில் முகம். பழக்கதோஷம், கதிரையில் ஏறி இலக்கத்தைப் பார்த்தேன். ஐயோ, அதே இலக்கம்!

கேக் வெட்டச் சனம் காத்துநிற்க, நான் மணிக்கூட்டைக் கழற்றக் கெஞ்சுகிறேன். முள்ளும் முகமும் கழன்றதும் உள்ளே லேபிள் பளிச்சென்று இருந்தது: 'பாட்டை நடத்துபவர் அமோஸ்', முழுப் பெயரோடு! படம் எடுத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரிக் கத்தினேன். யோகன் அண்ணை கழன்ற முள்ளைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"எல்லாம் சரி தம்பி, உந்த மணிக்கூடு திரும்ப ஓடுமோ?"

முதலில் சுரம்

போன கிழமை டோரத்தி அம்மா மூன்று பிள்ளைகளையும் கூட்டிவந்தார். பிள்ளைகள் என்றால், அறுபது தாண்டியவர்கள். லேபிள் படத்தையும், அமோஸின் பெயரோடு நான் எழுதிய காப்பகக் குறிப்பையும் காட்டினேன். தட்டு சுழன்றது. 'ஃபா, ஸோ, லா' வந்ததும் அம்மாவின் வலது கை மேலும் கீழும் தாளம் போட்டது. மூத்த மகன் கண்ணைத் துடைத்தார். எனக்கென்றால் பெருமையில் நெஞ்சு கொள்ளவில்லை. பாட்டு முடிந்ததும் அம்மா பிள்ளைகள் பக்கம் திரும்பினார்.

"இப்ப சிரியுங்கோ பாப்பம்."

ஒரு மனிதருக்கு அவர் பெயரைத் திருப்பி வாங்கிக்கொடுத்த எனக்கு, புரோசார்ட்டில் இப்போது 'மணிக்கூட்டைப் பழுதாக்கினவன்' என்றுதான் பெயர்.