டை கட்டிய பையன்களும் என் வீட்டுக்காரரும்

என் வீட்டுக்காரர் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கிறவர். பத்தொன்பது வருடமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறார். சாமி கும்பிடுவதில்லை, சர்ச் பக்கம் தலைவைத்துக்கூடப் படுத்ததில்லை. ஆனால் மார்மன் என்கிற அமெரிக்கச் சபையின் மிஷனரிகளைப் பற்றிய படம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் பெயர்ப்பட்டையோடு இரண்டு பையன்கள் கதவு கதவாகத் தட்டுவார்கள். எல்லோரும் மூஞ்சியில் அடித்தாற்போலச் சாத்துவார்கள். இதுதான் கதை. ஒன்பது படம் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்.

“கதவு சாத்துறதை எவ்வளவு கரெக்டா எடுத்திருக்கான் பாரு. முதல்ல சிரிப்பு போகும், அப்புறம்தான் கதவு நகரும். அனுபவிச்சவனுக்குத்தான் தெரியும்” என்பார். எனக்குத் துணி மடிக்கிற வேலை தலைக்குமேல் இருக்கும். மகள் நழுவிவிடுவாள். என் தம்பி இந்த வீட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டான். படத்தைப் பற்றிப் பேச ஒரு ஆள் இல்லையே என்று மனுஷர் ஏங்கிக் கிடந்தார். ஏங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன சனிக்கிழமை சாயங்காலம் நிஜமாகவே இரண்டு பேர் வந்து கதவைத் தட்டினார்கள். அதே சட்டை, அதே பட்டை. இவர் கையைப் பிடித்து இழுக்காத குறையாக உள்ளே உட்காரவைத்தார். நான் டீ போட்டு எடுத்துவந்தால், டீ காபி தொடமாட்டார்களாம்.

“இதுகூடத் தெரியாதா உனக்கு? மூணாவது படத்துலயே வருமே!” என்று எனக்குத்தான் திட்டு.

அவர்கள் புத்தகத்தைத் திறந்தார்கள். இவர் டிவியைப் போட்டார். இருவரில் பெரியவன் பதறிப்போனான்.

“மன்னிக்கணும் சார். ஊழியத்துல இருக்கிற ரெண்டு வருஷமும் நாங்க இந்த மாதிரி படமெல்லாம் பார்க்கக் கூடாது.”

தலையில் அடித்துக்கொண்டேன். இந்தப் படங்கள் புரியக்கூடிய இரண்டே பேர், அவர்களும் பார்க்கமாட்டார்கள்! இவர் சும்மா விடுவாரா? வாயாலேயே கதை சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஊழியத்துக்கு வந்து நாலே மாதமான பையன் ஒருவன், வீட்டு ஞாபகம் தாங்காமல் பெட்டியோடு பஸ் ஸ்டாண்டில் வந்து உட்காருகிற படம். பெரியவன் கடிகாரத்தைப் பார்த்தான். சின்னவன் இமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

“கடைசியில அவன் வீட்டுக்குப் போயிடுவானா அங்கிள்?” சின்னவன் மடியிலிருந்த புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டான்.

“போயிடுவான்ப்பா. அம்மா கதவைத் திறப்பாங்க. ஒரு வார்த்தை திட்டமாட்டாங்க. முதல்ல சாப்பிடச் சொல்வாங்க.”

என்னை ஆறு தடவை உட்காரவைத்துக் காட்டிய படம் அது. அவன் போகவே மாட்டான். பெட்டியை இழுத்துக்கொண்டு அறைக்கே திரும்பிவிடுவான். டையின் நிறத்தை நான் மாற்றிச் சொன்னால்கூடச் சண்டைக்கு வருகிற மனுஷர், என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். நான் அதைத் திருத்தப் போகாமல், பையன்களுக்குச் சாப்பாடு எடுத்துவைக்க எழுந்தேன்.