ஏழு படத்தில் ஒரு வாசல்

காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறினேன். மடியில் இரவல் கமரா. 1985இல் நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டு போவார்கள். நான் ஒரு பிலிம் சுருளோடு போனேன். ஜேர்மனிக்குப் போய் இரண்டு வருடமான என் கணவர் எழுதியிருந்தார்: "எங்கள் வீட்டு வாசலில் நின்றால் தெரிவதெல்லாம் ஒரே நீளப் படமாக வேண்டும். ஒட்டுத் தெரியக் கூடாது. ஒட்டைக் கண்டால் அது வெறும் படம் என்று நினைவு வந்துவிடும்." வாசித்தபோது கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வாசலைக் கேட்கத் தெரிந்த மனிதருக்கு என்னுடைய படத்தைக் கேட்கத் தோன்றவில்லை.

மண்கும்பான், புங்குடுதீவு தாண்டிக் குறிகட்டுவானில் இறங்க எட்டரை. அங்கிருந்து வள்ளத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல்.

"அண்ணை, கமரா நனையுமோ?" என்று வள்ளக்காரரைக் கேட்டேன்.

"நீங்கள்தான் நனைவியள், தங்கச்சி. கமராவை இஞ்ச தாங்கோ" என்று வாங்கிப் பலகைக்குக் கீழே வைத்தார். சொன்னபடியே நனைந்தேன்.

நெடுந்தீவில் மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. சாந்து பூசாமல் பவளக்கல்லை அடுக்கிய மதில்கள்தான் எங்கும். கணவரின் வீட்டு வாசலில் நின்றால் இடப்பக்கம் கிணறு, பிறகு மாட்டுப் பட்டி, மதில், ஒரு பனை, வெறும் மணல், கடைசியில் கடல். எந்தக் கமராவுக்குள்ளும் ஒரே தடவையில் அடங்காத அகலம்.

மாலை நாலரைக்கு வெயில் என் முதுகுப்பக்கம் வந்தது. கமராவை இரவல் தந்த ஸ்டூடியோக்காரர் சொல்லித் தந்தபடி, நின்ற இடத்திலேயே திரும்பித் திரும்பி ஏழு படம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் முந்திய படத்தின் மூன்றில் ஒரு பங்கு மறுபடி விழ வேண்டும். நாலாவது படத்துக்கு மாமா, மாமி, மச்சாள் மூவரும் பனையடியில் நின்றார்கள். மாமி சட்டென்று விலகினார்.

"மூண்டு பேராய் நிண்டு படம் எடுத்தால் ஒருத்தருக்கு ஆகாது, பிள்ளை. நீரும் வந்து நில்லும்."

"அப்ப ஆர் பொத்தானை அமத்துறது, மாமி?"

மாமி அசையவில்லை. மகன் பார்க்கப்போகும் படத்தில் தாய் இல்லாமலே போய்விடும் போலிருந்தது. மாமாதான் மணலைக் காட்டினார்.

"இஞ்சரும், பிள்ளையின்ர நிழல் எங்களுக்குப் பக்கத்தில விழுந்து கிடக்கு. நாலு பேர்தானே!"

மாமி விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு வந்து நின்றார். அமத்தினேன். ஐந்தாவதற்குத் திரும்பும்போது முகில் வெயிலை மறைத்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணி வள்ளத்தில் திரும்பினேன். கரை விலக விலக, ஏழு படம் தேவைப்பட்ட இடம் ஒரே பார்வைக்குள் சுருங்கிற்று. அவர் போன அன்றும் இப்படித்தான் பார்த்துக்கொண்டு போயிருப்பார் என்று நினைத்தேன்.

ஒரு கிழமையில் படங்கள் கழுவி வந்தன. பிளேடும் பசையுமாக மேசையில் உட்கார்ந்தேன். கிணறு, பட்டி, மதில் எல்லாம் கல்லின் விளிம்போடு வெட்டி ஒட்ட, ஒட்டு மறைந்தது. நாலும் ஐந்தும் மட்டும் வெயிலும் முகிலுமாக மல்லுக்கு நின்றன. பனையின் ஓரத்தோடு வெட்டினால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பனைக்கு அப்பால் கிடந்த என் நிழல் போய்விடும். ஐந்தாவது படத்தில் அந்த இடத்தில் வெறும் மணல். மாமியை ஏமாற்றி மூவரில் ஒருவராக நிறுத்தியதாகிவிடும்.

மாமிக்காக மட்டுமென்று சொன்னால் பொய். அந்தப் படத்தில் நான் இருக்க ஆசைப்பட்டேன். நிழலைத் தாண்டி, வெறும் மணலின் நடுவே வெட்டினேன். எட்டப் பிடித்தாலும் கோடு தெரிந்தது.

அஞ்சலில் போடுமுன் பின்புறத்தில் எழுதினேன்: "ஒட்டு ஒன்று தெரிகிறது. அதற்கு இடப்பக்கம் பாருங்கள், நான் நிற்கிறேன்."