படத்தில் இல்லாத சாவிக்கொத்து

இன்று மதியம் திருப்பதியிலிருந்து புத்தூர் பஸ்ஸில் வந்தேன். காதில் இயர்போன், மொபைலில் ஒரு பழைய கருப்பு வெள்ளைத் திகில் படம்.

கொலைகாரனின் முகத்தைக் காட்டவே மாட்டார்கள். அவன் வரும்போதெல்லாம் ஒரு சாவிக்கொத்து குலுங்கும்.

புத்தூரில் இறங்கினேன். பின் சீட்டுக்காரரும் கூடவே இறங்கினார்.

"ஏம்மா, இந்தப் படத்த தெலுங்கு ரீமேக்ல முன்னாடியே பாத்துக்கிறேன். அதுல டாக்டருதான் கொலகாரன். இதுல யாரு?"

"இன்னும் முடியலைங்க."

"உன் போனையே பாத்துக்கினு வந்து, ரேணிகுண்டாவுல எறங்காம வுட்டுட்டேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து அதே காட்சிகளை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

எதிலுமே சாவிச் சத்தம் இல்லை.

கதவைப் பூட்டிவிட்டேன். இந்தப் படத்தைப் பார்த்தவர்கள் யாராவது, அந்தச் சத்தம் கேட்டதாகப் பொய்யாவது சொல்லுங்களேன்.