கூட்டம் தாங்காத பக்கம்

வெள்ளையாக ஒரு பக்கம். நடுவில் கறுப்பு எழுத்தில் ஒரே ஒரு இங்கிலீஷ் வரி. அதை முதலில் அண்ணனுடைய போனில்தான் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தது, அர்த்தம் பிடிபடவில்லை. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்து போனை அவனிடம் நீட்டினேன். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் படிக்கட்டு வரை ஆள் நின்றால் ஒரு சிரிப்பு சிரிப்பானே, அதைச் சிரித்தான். "பேண்ட்வித் முடிஞ்சிருச்சாம் பாப்பா. நம்ம பக்கத்துக்கு அவ்ளோ கூட்டம். ஒண்ணாந்தேதி வரைக்கும் யாரையும் உள்ள விடமாட்டாங்க" என்றான். எனக்குப் புரியவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து, அவனே விளக்கினான். வெப்சைட் என்பது ஒரு பஸ் மாதிரி. அதை ஓட்டுகிற ஹோஸ்டிங் கம்பெனி, மாசத்துக்கு இவ்வளவு பாரம்தான் ஏற்றுவேன் என்று ஒரு அளவு வைத்திருக்கும். அளவு முடிந்தால் கதவைச் சாத்திவிடும். "என்ன கம்பெனி பாப்பா இது? ஆளு வரவர உள்ள போங்க உள்ள போங்க, எடம் இருக்குன்னு ஏத்துறவன் நானு. எங்கிட்ட வந்து எடம் இல்லேங்கிறானுங்க" என்று அலுத்துக்கொண்டான்.

அண்ணன் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நாள் முழுக்கப் போய் வருகிற பஸ். கோயிலுக்குப் போகிற ஜனங்கள் எதையாவது விட்டுவிட்டுத்தான் இறங்கும். குடை, மூக்குக்கண்ணாடி, தூக்குவாளி, குழந்தையின் ஒற்றைச் செருப்பு, ஒருமுறை பல் செட்டு. மற்ற வண்டிகளில் அதையெல்லாம் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்டு வைப்பார்கள், கொஞ்ச நாளில் காணாமல் போகும். அண்ணன் எடமலைப்பட்டி புதூரில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து சாக்கில் கட்டி வைப்பான். "ஊருல உள்ள குடையெல்லாம் நம்ம வீட்லதான் நிக்குது, நனையறது மட்டும் நாம" என்று அம்மா திட்டும். அண்ணனின் கூட்டாளி ஒருவர் எங்கள் தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். அவர்தான் அந்த வெப்சைட்டைப் போட்டுக் கொடுத்தார். பெயர் 'பஸ்ஸில் விட்டவை'. அதன் முகவரியை ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் ஒட்டினான். வாட்ஸ்அப் குரூப்பில் போட்டால் போதாதா என்று கேட்டதற்கு, "அங்க போட்டா நாலு குட்மார்னிங்குக்கு அடியில முழுகிடும் பாப்பா" என்றான்.

அவன் படம் எடுக்கும் விதமே தனி. ஆரம்பத்தில் ஒரு குடையை முழுசாகப் படம் பிடித்துப் போட்டான். அது என்னுடையது என்று மூன்று பேர் வந்து நின்றார்கள். அதற்குப் பிறகு எந்தப் பொருளாக இருந்தாலும் தோளில் மாட்டும் டிக்கெட் பையால் பாதியை மூடிவிட்டு, மீதிப் பாதியைத்தான் எடுப்பான். மூடின பாதியில் என்ன இருக்கிறது என்று சொல்கிறவர்களுக்குத்தான் பொருள் என்று பக்கத்தின் தலையிலேயே எழுதியும் வைத்தான். அதிலும் சொல்கிற பதிலை அவன் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டான். "பதிலு யாரு வேணா குருட்டாம்போக்குல சொல்லிடலாம் பாப்பா. சொல்றப்ப அவங்க கை எங்க போவுதுன்னு பாக்கணும். சொந்தக்காரங்க கைக்குத் தெரியும்" என்பான். நானே பார்த்திருக்கிறேன். மூக்குக்கண்ணாடியைத் தேடி வந்த ஒரு பெரியம்மா, ஒரு பக்கத்துக் காம்பில் நூல் சுற்றியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே காதுக்குப் பின்னால் விரலைக் கொண்டுபோய், இல்லாத நூலைத் தடவிப் பார்த்தார். அண்ணன் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், "பொருள் உங்களோடதுதான்" என்று கண்ணாடியை எடுத்துக் கொடுத்துவிட்டான். எல்லாருக்கும் அதையேதான் சொல்வான்.

படிக்கத் தெரியாத ஜனங்களுக்காக ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவன் குரலையும் பதிந்து போடுவான். "இது மாம்பழச்சாலையில ஏறுன யாரோ விட்டுட்டுப் போன தூக்குவாளிங்க. உள்ள புளிசாதம் இருந்துச்சு, வீணாப் போவக்கூடாதேன்னு நானும் டிரைவரும் சாப்ட்டோம், மன்னிச்சிருங்க. வாளி பத்திரமா இருக்கு." இந்தத் தூக்குவாளிப் பேச்சைக் கேட்பதற்காகவே பக்கத்துக்கு வந்து போகிறவர்கள் உண்டு. நான் வேலை பார்க்கும் காந்தி மார்க்கெட் வெங்காய மண்டியில், வெங்காயம் தரம் பிரிக்கும்போது அக்காக்கள் எல்லாரும் என் போனைச் சாக்கின் மேல் வைத்துப் போடச் சொல்லிக் கேட்பார்கள்.

பேண்ட்வித் அடிக்கடி முடிந்ததற்குக் காரணம் வந்த கூட்டம் மட்டும் இல்லை, அண்ணன் போட்ட படங்களும்தான். போனில் எடுத்ததை எடுத்த அளவிலேயே போட்டுவிடுவான். ஒவ்வொருவர் திறந்து பார்க்கும்போதும் அந்தக் கனத்தை எல்லாம் இறக்கிக் காட்ட வேண்டியிருக்கும். வைகுண்ட ஏகாதசி, ஆடிப்பெருக்கு என்று ஸ்ரீரங்கத்துக்குக் கூட்டம் வரும் மாசங்களில் பாதி மாசத்திலேயே வெள்ளைப் பக்கம் வந்துவிடும். உடனே கஸ்டமர் கேருக்குப் போன் போடுவான். சாப்பிட்டுக்கொண்டே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவதால் எங்களுக்கு எல்லாமே கேட்கும். அங்கே தமிழில் பேசுகிற ஒரு சார் இருந்தார். பொறுமைசாலி.

"சார், திரும்பத் திரும்ப இதத்தான் சொல்றேன். போட்டோவச் சின்னது பண்ணிப் போடுங்க."

"சின்னது பண்ணா கீறல் தெரியாது சார்."

"எந்தக் கீறல்?"

"குடைக்கெல்லாம் பேரா எழுதிருக்கு? கீறலப் பாத்துத்தான் சார் இது நம்மளுதுன்னு ஜனங்க கண்டுபிடிக்குது. நீங்க ஒரு தடவ ஸ்ரீரங்கம் வந்து குடைய விட்டுட்டுப் போங்க, அப்பத் தெரியும்."

அவர் சிரித்துவிடுவார். கம்ப்ளைண்ட்டுக்கு ஒரு டிக்கெட் போடுகிறேன், நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள் என்பார். "நானே டிக்கெட் குடுக்குறவன், எனக்கே டிக்கெட்டா" என்று அண்ணன் சொல்ல, அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கும். ஒவ்வொரு முறையும் இதே பேச்சு, இதே சிரிப்பு. கடைசி வரை அண்ணன் படத்தைச் சின்னதாக்கவே இல்லை.

அந்த மார்கழியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. கண் மஞ்சளாகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா கெஞ்சியது. ஏகாதசிக் கூட்டம் முடியட்டும் என்றான். சாப்பாடு இறங்கவில்லை, மோரைக் குடித்துவிட்டு ஓடினான். கூட்டம் முடிந்த மறுநாள் பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டான். டிரைவர்தான் ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார். ஈரல் போய்விட்டது என்றார்கள். அவன் தை பாதியைக்கூடத் தாண்டவில்லை. அந்த அலைச்சலில் அவன் போனும் எங்கேயோ தொலைந்துபோனது. ஊரார் தொலைத்ததை எல்லாம் எடுத்து வைத்தவனுடைய போனை யாரும் எடுத்து வைக்கவில்லை. வார்டு வார்டாகக் கேட்டேன். அந்த நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப் என்று மட்டும் வந்தது.

சேதி வாட்ஸ்அப்பில் பஸ்காரர்கள் மூலமாகப் பரவியது. அவர்கள் போட்டோவைப் போடாமல் வெப்சைட் முகவரியைப் போட்டிருந்தார்கள். வீட்டு வாசலில் எங்களுக்கு முகம் தெரியாத ஜனங்கள் வந்து நின்றார்கள். என் கண்ணாடியைக் கொடுத்த பிள்ளை, என் பேத்தி கொலுசை வீடு தேடி வந்து கொடுத்த தம்பி என்று சொல்லி அழுதார்கள். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு, அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, "பாப்பா, அவன் பேச்சப் போட்டு வுடு. அந்தப் புளிசாதம்" என்றது. அவன் குரல் வேறு எங்கேயும் எங்களிடம் இல்லை. என் போனில் திறந்தேன். வெள்ளைப் பக்கம். நடுவில் அதே வரி.

"என்னடி எழுதிருக்கு?"

"கூட்டமாம்மா. அண்ணனப் பாக்க வந்த கூட்டம். இடம் பத்தலயாம்."

அம்மா போனை வாங்கி அந்த வெள்ளையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. "இங்க வாசல்லயும் இடம் பத்தல. அங்கயுமா?" என்றது. பிறகு, "சரி. எல்லாரும் பாத்துட்டுப் போவட்டும். நாம அப்பறமாப் பாப்போம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டது.

ஒன்றாம் தேதி வந்தது. பக்கம் திறக்கவில்லை. மறுநாளும் இல்லை. பீரோ கதவின் உள்பக்கம் அண்ணன் பேனாவால் எழுதி வைத்திருந்த கஸ்டமர் கேர் நம்பருக்கு, மண்டியில் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தது. பல மாசம் அளவைத் தாண்டியதால் கணக்கை நிறுத்தி வைத்திருக்கிறோம், அக்கவுண்ட் ஹோல்டருக்கு மெயில் போயிருக்கிறது, அவர் பதில் போடாவிட்டால் இந்த மாசக் கடைசியில் எல்லா ஃபைலும் அழிந்துவிடும் என்றது.

"அந்த மெயில எங்களால தொறக்க முடியாதுங்க. பாஸ்வேர்டு அவருக்கு மட்டுந்தான் தெரியும். போன் தொலஞ்சு போச்சு."

"அப்ப அவரையே பேசச் சொல்லுங்க மேடம்."

"அவரு இல்லீங்க."

"எப்ப வருவாரு?"

"வரமாட்டாருங்க."

அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. நீங்கள் திரும்பக் கூப்பிடுங்கள் என்று வைத்துவிட்டது. ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் வேறொரு ஆள் எடுக்க, அண்ணன் செத்துப்போனதை முதலிலிருந்து நான் சொல்ல வேண்டியிருந்தது. வீட்டில் அம்மாவிடம்கூட அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. முன்பின் தெரியாதவர்களிடம் வெங்காயச் சாக்குமேல் உட்கார்ந்து அதைச் சொல்லிப் பழகினேன். கண் கலங்கினாலும் அங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். வெங்காயம் இருந்தது.

ஒருநாள் எடுத்த குரல் தெரிந்த குரலாக இருந்தது. அந்தப் பொறுமைசாலி சார். வெப்சைட் பேரைச் சொன்னதுமே, "கண்டக்டர் சாரா?" என்றார். நான் யார், என்ன நடந்தது என்று சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்றேன். "இருக்கேம்மா" என்றார். இறப்புச் சான்றிதழும், வாரிசு என்பதற்கு அம்மாவின் கையெழுத்தும் வேண்டும் என்று சொல்லி, எதை எப்படி அனுப்புவது என்று நிதானமாக விளக்கினார். பிரவுசிங் சென்டர்காரர் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி அனுப்பினார். மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆளை ஒருமுறை எரித்தாயிற்று. குரலையும் யாரோ ஒரு பட்டனைத் தட்டி அழிக்கப்போகிறார்கள் என்றே மனசு அடித்துக்கொண்டது.

அவரே கூப்பிட்டார். "பேப்பரெல்லாம் சரியா இருக்கும்மா. மேல ஒத்துக்கிட்டாங்க. நான் இப்பத் தொறந்து விட்டுருவேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கலாமா? ஆபீஸுக்காக இல்ல. உங்க அண்ணன் வழக்கப்படி." வெப்சைட்டின் கடைசியில் 'தொடர்புக்கு' என்று இருக்கும் இடத்தில் அண்ணன் தன் படத்தையும் வைத்திருந்தான். விளையாட்டுக்கு அதையும் டிக்கெட் பையால் பாதி மூடித்தான் எடுத்தான். எடுத்துக் கொடுத்தது நான்தான். இத்தனை வருஷம் பேசியும் அந்தப் பாதி முகத்தைத் தவிர அவர் ஒன்றும் பார்த்ததில்லையாம். "மறுபாதியச் சொல்லுங்கம்மா" என்றார்.

சொன்னேன். "வலது புருவத்துல ஒரு வெட்டு இருக்குங்க. வேலைக்குச் சேந்த புதுசுல கம்பி கிழிச்சது. அந்த எடத்துல முடி மொளைக்காது. சிரிச்சா அந்தப் பக்கக் கன்னத்துல மட்டுந்தான் குழி விழும். படத்துல இருக்குற பாதியப் பாத்தா மொறைக்கிற மாதிரி இருக்கும். ஆனா சிரிச்சுகிட்டுத்தாங்க இருந்தாரு."

"சரிம்மா. பொருள் உங்களோடதுதான்" என்றார், அண்ணன் சொல்கிற மாதிரியே. சரியா தப்பா என்று அவருக்கு எப்படித் தெரியும்? என் கையை அவர் பார்க்கவில்லை. போனை வைத்த பிறகுதான் நானே கவனித்தேன். என் விரல் என் வலது புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தது.

பக்கம் திறந்துவிட்டது. குடைகள், தூக்குவாளி, குரல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அம்மா தினமும் காலையில் காபி குடிக்கும்போது புளிசாதத்தைக் கேட்கிறது. மன்னிச்சிருங்க என்று அவன் சொல்லும் இடத்தில், "ஒண்ணும் பரவால்ல, நல்லா சாப்புடு" என்று பதில் சொல்கிறது. இந்த மாசம் எவ்வளவு பேண்ட்வித் போயிருக்கிறது என்று பார்ப்பதற்கு அந்த சார் எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு நீளமான கட்டம் இருக்கிறது. அண்ணன் இருந்தபோது அது நிரம்பிச் சிவப்பாகிவிடும். இப்போது ஓரத்தில் ஒரு நூல் அளவுக்குத்தான் பச்சை தெரிகிறது. புதிதாக எதுவும் போடாத பக்கத்துக்கு யார் வருவார்கள்? பஸ்ஸில் வேறு கண்டக்டர். ஸ்டிக்கர்கள் உரிந்துபோயின. அந்த நூல் நானும் அம்மாவும்தான்.

எந்த வரியைப் பார்த்து முதலில் பயந்தேனோ, அதைத்தான் இப்போது ஒவ்வொரு மாசமும் தேடுகிறேன். மண்டியில் கை ஓயும்போதெல்லாம் போனைத் திறக்கிறேன். ஒரு தடவையாவது அந்த வெள்ளைப் பக்கம் வந்து நிற்காதா என்று பார்க்கிறேன். வருவதில்லை. பக்கம் உடனே திறந்துவிடுகிறது. உள்ளே போங்க, எடம் இருக்கு என்று அண்ணன் கத்துவான். அவன் கத்தும்போதெல்லாம் பஸ்ஸில் இடமே இருக்காது. இப்போது இருக்கிறது.